எலஹங்கா வானில்: ஏரோ இந்தியா 2025 புகைப்படப் பயணக் குறிப்புகள்

பிப்ரவரி 12, புதன்

இன்று நண்பகலுக்குச் சற்று முன் பெங்களூரு வந்து சேர்ந்தேன். நகரின் வடக்கே உள்ள எலஹங்கா விமானப்படைத் தளத்தில், 1996 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏரோ இந்தியா கண்காட்சி நடந்துவருகிறது. இம்முறை நடப்பது 15ஆவது பதிப்பு. பிப்ரவரி 10 அன்று தொடங்கியது. முதல் மூன்று நாட்கள் பாதுகாப்புத் துறையினருக்கும் தொழில் நிறுவனங்களுக்கும் உரியவை. கடைசி இரு நாட்களான 13, 14 ஆகியவற்றில்தான் பொதுமக்களுக்கு அனுமதி. ஆயினும் நான் ஒரு நாள் முன்னதாகவே வந்ததற்குக் காரணம் உண்டு. வான்சாகசத்தில் படம் எடுக்க விரும்புபவர், முதலில் கேமரா இல்லாமல் அதை ஒரு முறையாவது முழுமையாகப் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தளத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி நான் தங்கியிருக்கும் விடுதியின் மொட்டைமாடியில் நாற்காலியைப் போட்டு அமர்ந்து, பிற்பகல் காட்சி முழுவதையும் ஒரு குறிப்பேட்டுடன் கவனித்தேன். விமானங்கள் எந்த வரிசையில் வருகின்றன, எந்தப் பக்கமாக மேலேறுகின்றன, ஏறிய பின் முதல் திருப்பத்தை எங்கே எடுக்கின்றன, ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் வரை எவ்வளவு இடைவெளி கிடைக்கிறது என்பவற்றையெல்லாம் எழுதிக்கொண்டேன். ஒவ்வொரு விமானத்தின் சாகச நிரலும் முன்கூட்டியே வகுக்கப்பட்டு, பயிற்சி செய்யப்பட்டு, அதே வரிசையில் நாள்தோறும் நிகழ்த்தப்படுவது. வானிலை மாறினால் தாழ்வான நிரல் ஒன்றுக்கு மாறுவார்களே தவிர, விமானி நினைத்தபடி புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. ஆகவே இன்று மாடியிலிருந்து பார்த்ததே நாளை என் தலைக்கு மேல் நிகழும்.

ஒளியைப் பற்றியும் இன்றே முடிவு செய்துகொண்டேன். எலஹங்காவின் ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது. பிப்ரவரி நடுவில் காலைக் காட்சியின்போது சூரியன் தென்கிழக்கில் இருக்கும். பிற்பகல் காட்சியின்போது தென்மேற்குக்குச் சாய்ந்திருக்கும். அதாவது காலையில் கிழக்கு முனையிலிருந்து வரும் விமானம் எதிரொளியில் வெறும் நிழலுருவாகத் தெரியும். அதே விமானம் நம்மைக் கடந்து மேற்கே போகும்போது அதன் உடலில் ஒவ்வொரு இணைப்பும் எழுத்தும் தெளிவாகத் துலங்கும். பிற்பகலில் இது அப்படியே தலைகீழ். காலையில் மேற்குப் பாதி வானம், பிற்பகலில் கிழக்குப் பாதி வானம் என்று பக்கத்தின் ஓரத்தில் குறித்துவைத்தேன்.

காட்சி முடிந்த பிறகு மாலை ஒளியில் பருந்துகளைத் தொடர்ந்து படம் எடுத்துப் பயிற்சி செய்தேன். வட்டமிடும் கரும்பருந்தை ஃபிரேமின் நடுவிலேயே வைத்துக்கொண்டு அரை நிமிடம் பின்தொடர முடிந்தால், இடுப்பிலிருந்து உடலைத் திருப்பும் பழக்கம் கைக்கு வந்துவிட்டது என்று பொருள். இந்தப் பருந்துகள் விமானிகளுக்கு உண்மையான ஆபத்து. இறைச்சிக் கழிவு அவற்றை ஈர்க்கும் என்பதால், கண்காட்சிக் காலத்தில் தளத்தைச் சுற்றி 13 கிலோமீட்டர் தொலைவுக்கு இறைச்சி விற்பனையை மாநகராட்சி தடை செய்திருக்கிறது. எஞ்சினுக்குள் ஒரு பறவை நுழைந்தால் என்ன ஆகும் என்பதை அறிந்தவர்கள் இந்தக் கண்டிப்பைக் குறை சொல்ல மாட்டார்கள்.

பிப்ரவரி 13, வியாழன்

ஏடிவிஏ என்று சுருக்கமாக அழைக்கப்படும் வான்சாகசப் பார்வைப் பகுதிக்குள், வெயில் ஏறும் முன்பே நுழைந்துவிட்டேன். பெரும்பாலோர் தடுப்புவேலியின் நடுப்பகுதியை நோக்கி விரைந்தார்கள். சாகசங்களின் மையப் புள்ளி அதற்கு நேர் எதிரே இருப்பதால் அது பார்ப்பதற்கு நல்ல இடம்தான். ஆனால் படம் எடுப்பவருக்கு மையத்திலிருந்து விலகி நிற்பதே நல்லது என்பேன். மையத்தில் நிற்பவருக்கு விமானம் மிக அருகில் வரும் கணத்தில் அதன் பக்கவாட்டுத் தோற்றமே கிடைக்கும். சற்று ஓரமாக நிற்பவருக்கு மூக்கும் விமானி அறையும் முன்னே, இறக்கை பின்னே என்று முக்கால்வாசித் திருப்பத்தில் கிடைக்கும். போர் விமானத்தின் வடிவம் உயிர்பெறுவது இந்தக் கோணத்தில்தான்.

கேமராவின் ஒளியளவைக் காட்சி தொடங்கும் முன்பே கையால் நிறுத்திவிட்டேன். தானியங்கி முறையில் விட்டால், ஒளிமானி பளிச்சிடும் வானத்தைப் பார்த்து அதை மங்கலாக்க முயலும். நடுவில் இருக்கும் சிறிய விமானம் கருத்துப்போகும். விமானம் மலைக்கு முன்னும் மரத்துக்கு முன்னும் வானத்துக்கு முன்னும் மாறி மாறிப் பறந்தாலும், அதன் மேல் விழும் வெயில் ஒன்றேதான். ஆகவே ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400, துவாரம் (லென்ஸில் ஒளி நுழையும் திறப்பு) எஃப்/8, ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/1600 நொடி என்று வைத்து, அருகில் வெயிலில் நின்ற ஒரு சாம்பல் நிற வண்டியைச் சோதனையாக எடுத்துப் பார்த்து, அதன் பிறகு தொடவில்லை.

முதலில் வந்தவற்றில் இந்தியாவில் உருவான தேஜஸ் இலகு ரகப் போர் விமானம் இருந்தது. அந்த விமானத்தின் நீளம் 13.2 மீட்டர், இறக்கை விரிவு 8.2 மீட்டர். முழுச் சட்ட (ஃபுல் ஃபிரேம்) உணரி கொண்ட கேமராவில் 600 மி.மீ. லென்ஸை மாட்டினால், 500 மீட்டர் தொலைவில் அது பிடிக்கும் பரப்பின் அகலம் 30 மீட்டர். அதில் தேஜஸ் பாதிக்கும் குறைவாகவே நிரப்பும். எனவே தேஜஸுக்கு முழு நீட்டத்திலேயே இருந்தேன். ஏறத்தாழ 22 மீட்டர் நீளமுள்ள சுகோய்-30 எம்கேஐ வந்தபோதுதான் லென்ஸைப் பின்னுக்கு இழுக்க வேண்டியிருந்தது. அந்த விமானம் திடீரென்று செங்குத்தாக நிமிர்ந்துவிடும் என்பதால், நான்கு பக்கமும் இடம் விட்டுவைப்பது அவசியம்.

என் அருகில் அப்பாவுடன் வந்திருந்த ஒரு மாணவர், ஒவ்வொரு முறையும் ஓசை கேட்ட திசையில் கேமராவைத் தூக்கி, வெறும் வானத்தையே எடுத்துக்கொண்டிருந்தார். “சத்தத்தைத் தேடாதீங்க தம்பி, கண்ணால முதல்ல புடிங்க” என்றேன். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் செல்லும். ஒரு கிலோமீட்டர் தொலைவிலிருந்து அது நம் காதை அடைய ஏறக்குறைய மூன்று நொடி ஆகும். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் அதற்குள் 650 மீட்டர் முன்னே போயிருக்கும். இதைக் கேட்டதும் அவர் ஓடுபாதையின் முனையிலுள்ள அடிவானத்தைக் கவனிக்கத் தொடங்கினார். வெகு தொலைவில் ஒரு புள்ளியாகத் தெரியும்போதே விமானத்தைக் கண்ணால் பற்றிக்கொண்டு, பார்வையை எடுக்காமலே கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுவருவதுதான் முறை. ஃபோகஸைத் தொடர்முறையில் வைத்து, விமானம் சிறிதாக இருக்கும்போதே பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்து, நெருங்கி வரும் வரை உடலோடு சேர்ந்து திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். படம் எடுத்து முடித்த பின்பும் சிறிது தூரம் திரும்பல் தொடர வேண்டும். பொத்தானை அழுத்திய கணத்திலேயே கை நின்றுவிட்டால் கடைசிச் சில ஃபிரேம்கள் கலங்கிவிடும்.

இன்றைய நாளில் எனக்கு மிகுந்த நிறைவு தந்தது தேஜஸின் வட்டத் திருப்பம். அது பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் வான்சாகசப் படங்களில் பத்தில் ஒன்பது ஒன்றுபோலவே சலிப்பூட்டுவதற்கான காரணம் இதில்தான் இருக்கிறது. அந்தப் படங்களில் எல்லாம் விமானத்தின் அடிவயிறுதான் தெரியும். விமானியோ, விமானி அறையின் கண்ணாடியோ, இறக்கையின் மேற்பரப்போ தெரியாது. கூர்மையாகவே எடுக்கப்பட்டிருந்தாலும் அது விமானம் என்ற பொருளின் படமே தவிர, ஒருவர் அதை ஓட்டுகிறார் என்ற உணர்வைத் தராது.

விமானம் திரும்பும்போது அதன் மேற்பக்கம் எப்போதும் வட்டத்தின் மையத்தை நோக்கியே சாயும். நமக்கு எதிரே அது ஒரு முழு வட்டம் அடித்தால், வேலிக்கு மிக அருகில் வரும் பாதியில் வட்டத்தின் மையம் அதற்கு அப்பால் இருக்கும். ஆகவே நமக்கு அடிவயிறு தெரியும். அதே வட்டத்தின் தொலைவான பாதியில், மையம் நமக்கும் விமானத்துக்கும் நடுவில் வந்துவிடும். அப்போது இறக்கையின் மேற்பரப்பு முழுவதும் நம்மை நோக்கித் திறந்துகொள்ளும். கூட்டத்தில் உள்ள கேமராக்கள் எல்லாம் அருகில் வரும் பாதியில் படபடவென்று ஓடிவிட்டு, விமானம் தொலைவுக்குப் போனதும் ஓய்வெடுக்கின்றன. நான் இன்று அருகில் வந்தபோது விமானத்தைப் பின்தொடர்ந்தேனே தவிரப் பொத்தானைத் தொடவில்லை. அது தொலைவுக்குப் போய்ச் சாய்ந்தபோதுதான் எடுத்தேன். விமானம் சிறிதாகத்தான் விழுந்தது. ஆனால் அந்த டெல்டா இறக்கையின் முழு முக்கோணமும், அதன் நடுவே கண்ணாடிக்கு அடியில் திருப்பத்தின் உட்புறத்தை நோக்கித் தலையைத் திருப்பியிருந்த விமானியின் தலைக்கவசமும் தெரிந்தன. இதே காரணத்தால்தான், கூட்டத்தைச் சுற்றி வளைந்தாற்போல ஒரு பெரிய வில் வடிவில் விமானம் கடந்துபோகும் சாகசம் படக்காரர்களுக்குப் பெரும் வாய்ப்பு. அதில் அருகிலேயே மேற்பக்கம் கிடைத்துவிடுகிறது.

உந்தி (புரொப்பெல்லர்) பூட்டிய விமானங்களுக்கு ஷட்டர் வேகத்தை அடியோடு மாற்ற வேண்டும். எச்டிடி-40 பயிற்சி விமானம் வந்தபோது 1/125 நொடிக்கு இறங்கினேன்; ஐஎஸ்ஓ 100, துவாரம் எஃப்/14. அதன் உந்தியில் நான்கு இதழ்கள். நிமிடத்துக்குச் சுமார் 1,600 சுற்று சுழலும் உந்தி என்று கொண்டால், 1/125 நொடியில் அது ஏறத்தாழ 77 பாகை சுழலும். நான்கு இதழ்களுக்கு இடையில் 90 பாகை இடைவெளி என்பதால், வட்டத்தின் பெரும்பகுதி மென்மையான தகடாக நிரம்பிவிடும். 1/2000 நொடியில் எடுத்தாலோ அது 5 பாகை கூடச் சுழலாது. எஞ்சின் நின்றுபோன விமானம் வானத்தில் தொங்குவது போன்ற படமே கிடைக்கும். மெதுவான ஷட்டரில் பல படங்கள் கலங்கித்தான் போகும் என்பதை ஏற்றுக்கொண்டே எடுக்க வேண்டும். ஓர் உயிருள்ள படத்துக்காக இருபது கலங்கிய படங்களை நீக்குவதில் எனக்கு வருத்தமில்லை.

பிற்பகலில் ஓடுபாதையிலிருந்து எழும்பும் விமானங்களை எடுப்பதை நிறுத்திக்கொண்டேன். சூடேறிய காங்கிரீட்டிலிருந்து எழும் காற்று ஒளியை அலையலையாக வளைப்பதால், விமானத்தின் விளிம்புகள் நீரில் கரைவதுபோல நெளிந்தன. விலை உயர்ந்த லென்ஸும் இதைச் சரிசெய்யாது. சக்கரங்கள் மடங்கி, விமானம் தரையை விட்டு நன்கு மேலேறிய பிறகுதான் தெளிவு திரும்பியது.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்று கூட்டம் மிகுதி. நான் முக்கியமாக இரண்டு காட்சிகளுக்காகக் காத்திருந்தேன்: ரஷ்யாவின் எஸ்யூ-57 போர் விமானம், இந்திய விமானப்படையின் சூரிய கிரண் வான்சாகசக் குழு.

அமெரிக்காவின் எஃப்-35, ரஷ்யாவின் எஸ்யூ-57 ஆகிய இரண்டு ஐந்தாம் தலைமுறைப் போர் விமானங்களும் ஏரோ இந்தியாவில் ஒருசேர வந்திருப்பது இதுவே முதல்முறை. செய்திகள் எல்லாம் அந்த ஒப்பீட்டைப் பற்றியே பேசுகின்றன. படக்காரராக என் கவனம் முழுவதும் எஸ்யூ-57 காற்றில் தன் உடலைக் கையாளும் விதத்தில் இருந்தது. எஞ்சின்களின் வெளியேற்று முனைகளைத் திருப்பி உந்துவிசையின் திசையையே மாற்றக்கூடியது அது. அதனால் இறக்கை தாங்கும் வேகத்துக்கும் கீழே வந்த பிறகும் மூக்கை விருப்பப்பட்ட பக்கம் திருப்பும். முந்தைய விமானங்களில் பழகிய கண்ணுக்கு இது ஒரு சிக்கல். மூக்கு காட்டும் திசையில்தான் விமானம் போகும் என்று நம்பிக் கேமராவைத் திருப்பினால், அது அங்கே இருக்காது. மூக்கு ஒரு பக்கம் பார்த்தபடி இருக்க, உடல் வேறு பக்கமாக நகர்ந்துகொண்டிருக்கும்.

ஆகவே அதன் உடலின் நடுப்பகுதியைப் பின்தொடர்ந்தேன். மூக்கைப் பார்க்கவே இல்லை. வேகம் குறைந்த நிலையில் நிகழ்வதால் ஷட்டரைப் பற்றிக் கவலை இல்லை. 1/800 நொடியே தாராளம். கவனிக்க வேண்டியது வடிவம். விமானம் தட்டையாக மேலே எழும்பி, அகன்ற மேற்பரப்பு முழுவதையும் காற்றுக்கு எதிராக நிறுத்தும் அந்த ஒரு கணத்தில், அதன் சாம்பலும் நீலமும் கலந்த கோணல் கட்டங்களின் வண்ணப்பூச்சு வெயிலில் பளிச்சென்று திறந்தது. நேற்றைய தேஜஸுக்கு நான் தொலைவான பாதியில் தேடிய மேற்பக்கம், இதில் எங்கே வேண்டுமானாலும் கிடைத்தது. சொல்லப்போனால் இது எளிதில் மயக்கிவிடும் காட்சி. எல்லாவற்றையும் எடுக்கத் தூண்டும். நான் சாகசத்தின் உச்ச நிலைகளில் மட்டும் சில நொடிகள் எடுத்துவிட்டு, இடையில் கேமராவைத் தாழ்த்தி வெறும் கண்ணால் பார்த்தேன்.

இந்த ஆண்டு விமானப்படையின் சாரங் ஹெலிகாப்டர் சாகசக் குழு இல்லை. ஜனவரி 5 அன்று போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் ஹெலிகாப்டர் விபத்துக்குள்ளானதை அடுத்து, சாரங் குழுவும் பயன்படுத்தும் அந்த வகை ஹெலிகாப்டர்கள் பறப்பது நிறுத்திவைக்கப்பட்டது. மயில் வண்ணம் பூசிய அந்த ஹெலிகாப்டர்கள் இல்லாத வெற்றிடத்தை உணர்ந்தேன். ஆனால் காரணம் தெரியும் வரை பறக்க விடாமல் வைத்திருப்பதே சரி.

சூரிய கிரண் குழு 1996இல் உருவானது. முன்பு கிரண் பயிற்சி விமானங்களில் பறந்தது. இப்போது ஹாக் எம்கே-132 விமானங்களில் ஒன்பதாகப் பறக்கிறது. இதே எலஹங்காவில், 2019 பிப்ரவரி 19 அன்று, ஒத்திகையின்போது இக்குழுவின் இரண்டு விமானங்கள் மோதி ஒரு விமானி உயிரிழந்தார். சில மீட்டர் இடைவெளியில் ஒன்பது விமானங்கள் ஒரே உடலாகத் திரும்புவதை லென்ஸ் வழியே பெரிதாக்கிப் பார்க்கும்போது, அந்த இடைவெளி எவ்வளவு சிறியது என்பது வெறும் கண்ணால் பார்ப்பதைவிடக் கூடுதலாக உறைக்கிறது. முன்னே செல்லும் விமானத்தின் ஏதோ ஒரு குறியின் மீதே பார்வையைப் பதித்து மற்றவர்கள் பறக்கிறார்கள். அடிவானத்தைக்கூடத் தலைமை விமானிதான் அவர்களுக்காகப் பார்க்கிறார்.

குழுவைப் படம் எடுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. விமானங்கள் ஒன்றையொன்று மறைக்காமல், ஒன்பதும் தனித்தனியே எண்ணக்கூடியதாக விழும் கோணம் ஒவ்வொரு திருப்பத்திலும் ஓரிரு நொடிகளே நீடிக்கும். குழு நேர் பக்கவாட்டில் கடக்கும்போது எல்லாம் ஒரே கோட்டில் அடுக்கி ஒட்டிப்போய்விடும். வட்டத்தின் தொலைவான பாதியில் குழு முழுவதும் சாயும்போது, வைர வடிவம் விரிந்து, ஒவ்வொரு இறக்கைக்கும் இடையில் வானம் தெரிகிறது. துவாரத்தை எஃப்/8இலேயே வைத்து, ஃபோகஸ் புள்ளியைத் தலைமை விமானத்தின் மீது நிறுத்தினேன். இவ்வளவு தொலைவில் முன்னும் பின்னும் உள்ளவை தெளிவாகவே விழும் என்பதால், புள்ளி விமானங்களுக்கு இடையிலுள்ள வெற்று வானத்தில் விழாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம்.

அடுத்தது எதிரெதிராக வந்து குறுக்கே கடக்கும் சாகசம். இதில் வேகமான கேமரா வைத்திருப்பவர்களும் ஏமாறுவதைப் பார்க்கிறேன். இரண்டு விமானங்களும் தலா 600 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், ஒன்றையொன்று நெருங்கும் வேகம் 1,200 கிலோமீட்டர். அதாவது நொடிக்கு 333 மீட்டர். நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் அவை 33 மீட்டர் மாறியிருக்கும். இருபது படம் எடுப்பதில் ஏறத்தாழ 17 மீட்டர். ஹாக் விமானத்தின் நீளமோ சுமார் 12 மீட்டர்தான். ஆகவே பொத்தானை அழுத்திப் பிடித்தால் போதும், நடுவில் எங்காவது சந்திப்பு விழுந்துவிடும் என்று நம்புவது வீண். இரண்டில் ஒன்றை மட்டும் பின்தொடர்ந்து, மற்றொன்று ஃபிரேமின் விளிம்பில் நுழையும் கணத்தில் அழுத்த வேண்டும். எந்த விமானத்தைப் பின்தொடர்வது என்பதையும் ஒளியே முடிவு செய்யும். நம்மைப் பொறுத்தவரை வெயில் முகத்தில் விழும் விமானம்தான் அது.

வானத்தில் புகையால் இதய வடிவம் வரைந்தபோது நீண்ட லென்ஸை இறக்கிவிட்டு 24 மி.மீ. லென்ஸை மாட்டிய இரண்டாவது கேமராவை எடுத்தேன். அதை விமானங்களின் படமாக எடுக்க முயல்வது வீண் வேலை. கீழே உயர்ந்த ஆயிரக்கணக்கான கைகளையும், தோள்மேல் அமர்ந்திருந்த குழந்தைகளையும், மேலே காற்றில் கலையத் தொடங்கியிருந்த புகைக்கோட்டையும் ஒன்றாக வைத்தால்தான் அந்தக் கோட்டின் அளவு புரியும்.

பிப்ரவரி 15, சனி

திரும்பும் ரயிலில் படங்களைத் தெரிவு செய்தேன். முதல் சுற்றில் கலங்கியவை, இறக்கை நுனியோ வாலோ வெட்டுப்பட்டவை ஆகியவற்றை நீக்கினேன். இரண்டாம் சுற்றில், கூர்மையாக இருந்தும் அடிவயிறு மட்டுமே தெரிந்தவற்றையும் நீக்கினேன். இதில்தான் மனத்தைக் கடினப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரே திருப்பத்தில் எடுத்த தொடர்ப்படங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்.

வெட்டிச் சீரமைக்கும்போது விமானத்துக்கு முன்னால் கூடுதல் இடம் விட்டேன். அது போகும் திசையில் வானம் இருந்தால்தான் அது போகிறது என்று கண் ஏற்கும். எஸ்யூ-57 படங்களில் மட்டும் இந்த விதியைக் கைவிட்டு, மூக்கு எதைப் பார்த்தாலும் உடல் நகர்ந்த பக்கத்தில் இடம் விட்டேன். நீல வானத்தின் நிறத்தைக் கூட்டவில்லை. பெங்களூரின் பிப்ரவரி வானத்தில் அடிவானத்தை ஒட்டி ஒரு மெல்லிய தூசிப் படலம் இருந்தது. தாழப் பறந்த விமானங்களின் படங்களில் அது அப்படியே இருக்கட்டும்.

எச்டிடி-40இன் மெதுவான ஷட்டர் படங்களில் ஒன்று நின்றது: எழுத்துகள் வாசிக்கும்படி உடல் தெளிவாகவும், உந்தி முழு வட்டமாகவும் விழுந்த படம். தேஜஸின் தொலைவுப் பாதிப் படம் முதலில் நான் நினைத்ததைவிடச் சிறியது; மூன்றில் ஒரு பங்காக வெட்டிய பிறகும் தலைக்கவசத்தின் திசை தெளிவாகத் தெரிகிறது. அச்சுப் போடுவதற்கு முதலில் அனுப்புவது அதைத்தான்.